வெளிநாட்டில் படிக்கும் ஓராண்டில் அந்த ஊர் மொழி தானாக வந்துவிடுமா?

கேள்வி இது: "ஓராண்டு மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போகிறேன். அங்கே போய் இருந்துவிட்டால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும், இங்கே வகுப்புக்குப் போய் நேரத்தை வீணாக்காதே என்கிறார்கள். அது உண்மையா? போன பிறகு நாள்தோறும் என்ன செய்ய வேண்டும்?"

தானாக ஒட்டாது. இதை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். பார்பரா ஃப்ரீடும் அவருடைய சகாக்களும் பிரெஞ்சு படித்த 28 மாணவர்களை ஒப்பிட்டு 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழு சொந்தக் கல்லூரியில் வழக்கமான வகுப்பில் படித்தது. இரண்டாவது குழு பாரிஸில் ஒரு பருவம் தங்கிப் படித்தது. மூன்றாவது குழு நாட்டைவிட்டு நகரவே இல்லை. உள்நாட்டிலேயே நடந்த தீவிரக் கோடைக்காலப் பயிற்சியில் பிரெஞ்சிலேயே பேசி, எழுதி, வாழ்ந்தது. பேச்சுச் சரளத்தில் அதிகம் முன்னேறியது இந்த மூன்றாவது குழுதான். பாரிஸ் குழுவுக்கு இரண்டாமிடம். வகுப்புக்கு வெளியே எந்த மொழியில் எத்தனை மணி நேரம் செலவிட்டீர்கள் என்று கேட்டபோது காரணம் தெரிந்துவிட்டது. பாரிஸில் இருந்தவர்கள் பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் புழங்கியிருந்தார்கள்.

ஆக, எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைவிட, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அந்த மொழிக்குள் இருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரி 1915-இலிருந்து கோடைக்கால மொழிப் பள்ளி நடத்துகிறது. அங்கே சேருகிறவர்கள், படிக்கும் மொழியை மட்டுமே பேசுவேன் என்று உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அந்த உறுதிமொழியை வாங்கிக்கொள்ள நீங்கள் போகும் பல்கலைக்கழகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வேலையும் உங்கள் தலையில்தான்.

கிளம்புவதற்கு முன்

வகுப்பு வேண்டாம் என்ற அறிவுரையை ஒதுக்கிவிடுங்கள். சுற்றிலும் மொழி கொட்டிக்கிடந்தாலும், அதில் ஓரளவாவது புரிந்தால்தான் மீதியை ஊகிக்க முடியும். ஆங்கிலத்தை வைத்துச் செய்த சொல்வள ஆய்வுகளில் பால் நேஷன் காட்டிய கணக்கு இது: துணையில்லாமல் ஒரு பனுவலைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நாளிதழ், நாவல் என்றால் எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு வேர்ச்சொல்லும் அதன் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை. பேச்சுக்கு ஆறாயிரம், ஏழாயிரம். 95 விழுக்காடு தெரிந்தால்கூட இருபது சொல்லுக்கு ஒன்று இடறும். தொடக்க நிலையில் போய் இறங்குகிறவருக்குப் பத்தில் ஐந்து இடறுகிறது. அந்த நிலையில் சுற்றி நடக்கும் பேச்சு பாடமாக இருக்காது, இரைச்சலாகத்தான் இருக்கும்.

ஐரோப்பியப் பொதுத் தர வரிசையில் (ஏ1 தொடக்கம், சி2 உச்சம்) பி1 என்ற இடைநிலையோடு போனால் முதல் வாரத்திலிருந்தே பலன் கிடைக்கும். ஏ2-வோடு போனால் முதல் இரண்டு மூன்று மாதம் அடித்தளம் போடுவதிலேயே கழியும். ஏ1-ஓடு போகிறவர் அங்கேயும் தினசரி வகுப்பில் சேர்ந்தாக வேண்டும். மொழிக்கு மொழி உழைப்பு எவ்வளவு மாறும் என்பதற்கு அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தரும் கணக்கைப் பாருங்கள். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள அதிகாரி, பணியில் புழங்கும் தரத்தில் ஸ்பானிஷ் கற்க ஏறக்குறைய 30 வாரம் போதும். ஜப்பானியத்துக்கு 88 வாரம், அதாவது 2200 வகுப்பு மணி நேரம். தமிழருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இலக்கணத்தைவிட முக்கியமாக, உரையாடலைக் கையில் வைத்திருக்க உதவும் ஐந்து வாக்கியங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்படி பழகிக்கொள்ளுங்கள்: கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். வேறு விதமாகச் சொல்ல முடியுமா? இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வீர்கள்? நான் சொன்னது சரிதானா? நான் பழகிக்கொண்டிருக்கிறேன், தயவுசெய்து இந்த மொழியிலேயே பேசுங்கள். இவை இல்லாதவர்கள் செய்வது ஒன்றே ஒன்று: புரியாமலேயே தலையாட்டுவது. தலையாட்டினால் எதிரில் இருப்பவர் புரிந்துவிட்டது என்று மேலே போய்விடுவார். அந்த நிமிடத்தில் கற்க இருந்தது கைநழுவிவிடும். நாள் முழுக்க உள்ளூர்க்காரர்களோடு இருந்தும் மொழி வளராதவர்களிடம் நான் முதலில் கவனிக்கச் சொல்வது இந்தத் தலையாட்டலைத்தான்.

இன்னொன்றையும் முன்பே விசாரியுங்கள். அந்த ஊரில் உண்மையில் புழங்குவது எந்த மொழி? ஸ்பானிஷ் கற்க பார்சிலோனா போனால் பல்கலைக்கழகத்தில் பல வகுப்புகள் கட்டலான் மொழியில் நடக்கும். ஜெர்மன் கற்க ஜூரிக் போனால் விரிவுரை நீங்கள் படித்த ஜெர்மனில் இருக்கும். தெருவிலும் விடுதியிலும் சுவிஸ் ஜெர்மன் பேசுவார்கள், முதலில் ஒரு சொல்கூடப் பிடிபடாது. போகக் கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து போங்கள்.

தங்குமிடம்

எல்லாவற்றிலும் பெரிய முடிவு இதுதான். பாடத்தேர்வுக்கு மணிக்கணக்கில் யோசிப்பவர்கள் அறையை மட்டும் முதலில் கிடைத்ததில் எடுத்துவிடுகிறார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே உள்ள விடுதியில் பத்து நாட்டுக்காரர்கள் இருப்பார்கள், பொது மொழி ஆங்கிலம் ஆகிவிடும். தனிச் சமையலறையோடு கூடிய ஒற்றை அறை இன்னும் மோசம். கதவைச் சாத்தினால் மொழி வெளியே நின்றுவிடும். உள்ளூர் மாணவர்கள் இருவர் மூவரோடு பகிரும் வீடுதான் நல்லது. ஜெர்மனியில் இதை 'வேகே' என்பார்கள். அறை கேட்டு எழுதும்போதே, உங்கள் மொழியில்தான் பேச விரும்புகிறேன், தவறாகப் பேசுவேன், பரவாயில்லையா என்று எழுதிவிடுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளும் வீடு கிடைக்க இரண்டு வாரம் கூடுதலாக ஆனால் ஆகட்டும்.

முதல் நாளின் மொழி ஏன் முக்கியம் என்றால், இரண்டு பேருக்கிடையே எந்த மொழியில் பழக்கம் தொடங்குகிறதோ அந்த மொழி கெட்டிப்பட்டுவிடும். மூன்று வாரம் ஆங்கிலத்தில் பேசிய அறைத்தோழரிடம் நான்காம் வாரம் பிரெஞ்சுக்கு மாறினால் இருவருக்கும் நாடகம் ஆடுவதுபோல் கூச்சமாக இருக்கும், இரண்டே நாளில் பழையபடி ஆகிவிடும். புதிதாக அறிமுகமாகும் ஒவ்வொருவரிடமும் முதல் வாக்கியத்தை அவர்கள் மொழியில் தொடங்குங்கள். அது ஓட்டை உடைசலாக இருந்தாலும் சரி.

விருந்தோம்பும் குடும்பத்தோடு தங்குவது நல்லது என்று பொதுவாகச் சொல்வார்கள். குடும்பத்தைப் பொறுத்தது. சாப்பாட்டு மேசையில் ஒன்றாக உட்காரும் வீடா, ஆளுக்கொரு நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் போகும் வீடா? வாடகை வருமானத்துக்காக நான்கு வெளிநாட்டு மாணவர்களை வைத்திருக்கும் வீடா? எத்தனை மாணவர்கள் தங்குகிறார்கள், வாரத்தில் எத்தனை நாள் ஒன்றாகச் சாப்பிடுகிறீர்கள் என்ற இரண்டு கேள்வியையும் ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடுங்கள்.

தமிழ் நண்பர்களை வெட்டிவிட வேண்டும் என்று சிலர் வீரமாகச் சொல்வார்கள். அது வேண்டாத வீரம். வங்கிக் கணக்கு, காப்பீடு, உடம்பு சரியில்லாத இரவு என்று அவர்கள் தேவைப்படும் நாள் வரும். மனசுக்கும் ஒரு பிடி வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை என்று நேரம் ஒதுக்கி அதை முழு மனதோடு அனுபவியுங்கள். நாளைத் தின்பது அந்த இரண்டு மாலைகள் அல்ல, கைப்பேசி. வீட்டோடு தினமும் ஒன்றரை மணி நேரக் காணொளி அழைப்பு, குழுச் செய்திகள், தமிழ்க் காணொளிகள் எல்லாம் சேர்ந்தால் எங்கே இருக்கிறீர்கள் என்பதே மறந்துபோகும்.

மணிக்கணக்கு

ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: கேட்டது, பேசியது, படித்தது, எழுதியது. இரவு படுக்கும் முன் அரை மணி நேர அலகுகளில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. விரிவுரையில் உட்கார்ந்திருந்தது 'கேட்டது'. 'பேசியது' என்று எழுத, எதிரே ஆள் இருந்து உங்கள் வாயும் அசைந்திருக்க வேண்டும். கடையில் சொன்ன நன்றி, வணக்கம் எல்லாம் இதில் சேராது.

உங்கள் பாடங்கள் ஆங்கிலத்தில் என்றால் வாரத்துக்கு மொத்தம் 20 மணி நேரம், அதில் பேச்சு 6 மணி நேரம் என்பதைக் குறைந்தபட்ச இலக்காக வையுங்கள். பாடமே அந்த மொழியில் என்றால் மொத்தம் தானாக 30-ஐத் தாண்டும். ஆனால் அப்போதும் பேச்சு இரண்டு மணி நேரத்தில் முடங்கிக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். முதல் வாரத் தாள் அநேகமாக எல்லோரையும் திடுக்கிட வைக்கும். அதற்காகத்தான் அது.

அந்த 6 மணி நேரத்தை எங்கே தேடுவது? விருந்து, கேளிக்கை, புதியவர் சந்திப்பு ஆகியவற்றில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். அங்கே ஒவ்வொரு முறையும் பெயர், ஊர், படிப்பு என்ற அதே மூன்று நிமிட உரையாடலை இருபது பேரோடு பேசுவீர்கள். இரண்டே மாதத்தில் அந்த மூன்று நிமிடம் மட்டும் தேன்போல் வரும். நான்காவது நிமிடம் வராது. வேண்டியது வாரந்தோறும் அதே ஆட்கள், அதே வேலை. பல்கலைக்கழக விளையாட்டுக் குழு, சேர்ந்திசைக் குழு, பலகை விளையாட்டுச் சங்கம், முதியோர் இல்லத்தில் தன்னார்வப் பணி, ஜப்பானியக் கல்லூரிகளில் 'சாகுரு' எனப்படும் மாணவர் குழுக்கள் ஆகியவை இதற்குத் தோது. கையில் வேலை இருப்பதால் பேச்சு நின்றுபோனாலும் சங்கடம் இல்லை. அதே சொற்கள் வாரந்தோறும் திரும்பி வருவதால் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்யாமலேயே பதிந்துவிடும். சேர்ந்திசைக் குழுவுக்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு: உயிரொலிகளை இழுத்துப் பாடும்போது உச்சரிப்புத் தவறு உங்களுக்கே கேட்கும், குழுத் தலைவர் தயங்காமல் திருத்தவும் செய்வார்.

மொழிப் பரிமாற்றத் துணை, அதாவது அவர் மொழியை உங்களுக்கும் உங்கள் மொழியை அவருக்கும் பழக்கிக்கொள்ளும் ஏற்பாடு, நல்லதுதான். ஆனால் பெரும்பாலும் ஒரு மாதத்தில் படுத்துவிடும். இருவருக்கும் எந்த மொழி எளிதோ அந்தப் பக்கம் பேச்சு சரிந்துவிடுவதுதான் காரணம். கடிகாரம் வைத்து 30 நிமிடம் இது, 30 நிமிடம் அது என்று பிரித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கடினமான மொழி முதலில். பேச்சின் நடுவே திருத்த வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முடிந்ததும் மூன்றே மூன்று தவறுகளை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பத்து சொன்னால் ஒன்றும் நிற்காது.

ஆங்கிலத்தில் பதில் வந்தால்

நீங்கள் முக்கி முனகி ஒரு வாக்கியம் சொல்வீர்கள், கடைக்காரர் பளிச்சென்று ஆங்கிலத்தில் பதில் சொல்வார். இது அவமதிப்பு இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது, உங்களுக்கு உதவ நினைக்கிறார், அல்லது அவருக்கும் ஆங்கிலம் பேசிப் பார்க்க ஆசை. பெருநகரங்களில், அதுவும் ஸ்டாக்ஹோம், ஆம்ஸ்டர்டாம், மான்ட்ரியல் மாதிரி இடங்களில் இது அன்றாடம் நடப்பது. அவர் ஆங்கிலத்தில் பேசினாலும் நீங்கள் அவர் மொழியிலேயே தொடருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், பாதிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள். அவர் ஆங்கிலத்துக்கு மாறுவதைத் தூண்டுவது பெரும்பாலும் இலக்கணப் பிழை அல்ல, தயக்கம். வாக்கியத்தின் முதல் இரண்டு நொடியில் நீங்கள் தடுமாறினால் அவர் முடிவெடுத்துவிடுவார். அஞ்சலகம், நூலகம், முடிதிருத்தகம் என்று போகுமுன் அங்கே சொல்ல வேண்டிய முதல் இரண்டு வாக்கியத்தையும், அவர்கள் திருப்பிக் கேட்கக்கூடிய மூன்று கேள்வியையும் வெளியிலேயே நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டு நுழையுங்கள். வரிசை இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். ஆங்கிலத்துக்கு மாறாத ஆட்கள் வேண்டுமென்றால் முதியவர்களும் குழந்தைகளும்தான்.

தமிழ்க் காதும் தமிழ் நாவும்

பாடப்புத்தக மொழிக்கும் தெரு மொழிக்கும் உள்ள இடைவெளி ஆங்கிலேயரைத் திகைக்க வைக்கும் அளவுக்கு நம்மைத் திகைக்க வைக்கக் கூடாது. 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று எழுதி 'போயிட்டிருக்கேன்' என்று பேசுகிறவர்கள் நாம். 'எனக்குத் தெரியாது' என்பதற்குப் பிரெஞ்சுப் புத்தகம் 'ஜ ந சே பா' என்று கற்றுத்தரும். தெருவில் அது 'ஷே பா'. இதைக் கொச்சை என்று ஒதுக்காமல் இரட்டை வழக்கு என்று எடுத்துக்கொண்டு, குறிப்பேட்டில் இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள்.

சில இடங்களில் நமக்குக் கை ஓங்கியிருக்கிறது. ஜப்பானியமும் கொரியமும் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும், வேற்றுமை உருபுகளைப் பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்து யோசிக்காமல் தமிழிலிருந்தே நேராகப் போனால் வாக்கியம் பாதி தூரம் தானாக அமையும். ஜப்பானியத்தில் 'ஒபஸான்' என்றால் அத்தை, 'ஒபாஸான்' என்றால் பாட்டி. ஆங்கிலேயர் மாதக்கணக்கில் தடுமாறும் இந்த வேறுபாடு நமக்கு வெறும் குறில் நெடில். ஜப்பானியத்தில் புழங்கும் சீனவழி 'கஞ்ஜி' எழுத்துகள் மட்டும் யாருக்கும் சலுகை தராது. அன்றாடப் பயன்பாட்டுப் பட்டியலிலேயே 2136 இருக்கின்றன.

சறுக்கும் இடங்களும் உண்டு. தமிழ் எழுத்து வல்லினத்தின் அதிர்வொலியையும் (g, d) அதிராவொலியையும் (k, t) பிரித்துக் காட்டாது. ஜெர்மனில் தோட்டத்துக்கு ஒரு சொல், அட்டைகளுக்கு ஒரு சொல். முதல் ஒலி மட்டுமே வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் 'கார்டென்'. ஆகவே உச்சரிப்பைத் தமிழெழுத்தில் குறித்துவைக்கும் பழக்கத்தை முதல் நாளே விடுங்கள். (மேலே நான் எழுதியிருப்பது விளக்கத்துக்காக மட்டும்.) கைப்பேசியில் ஒலியைப் பதிந்து வைப்பது மேல். கொரியத்தில் 'க' ஒலியே மூன்று வகை. அதைக் காது பிரிக்கும் வரை நா பிரிக்காது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் வரும் இதழ் குவித்த உயிர்களுக்கு ஒரு வழி: 'இ' என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் 'உ' போலக் குவியுங்கள். கண்ணாடி முன் தினம் இரண்டு நிமிடம் போதும்.

பால் பாகுபாடு இன்னொரு தொல்லை. நமக்குப் பொருளைப் பார்த்தால் திணையும் பாலும் தெரிந்துவிடும். ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால். சிறுமியைக் குறிக்கும் சொல்கூட ஒன்றன்பால்தான். காரணம் தேடினால் காலம் போகும். சொல்லை, அதன் முன்னால் நின்று பால் காட்டும் சிறு சொல்லோடு ஒரே மூச்சாக மனப்பாடம் செய்யுங்கள்.

சரளம் வரும், பிழையும் தங்கும்

ஒரு மொழிக்குள்ளேயே வாழ்ந்து மூழ்கிக் கற்பதன் பெரிய பள்ளம் இங்கே இருக்கிறது. 1983-இல் மொழிக் கற்றல் ஆய்வாளர் ரிச்சர்ட் ஷ்மிட் ஒரு ஜப்பானியக் கலைஞரைப் பற்றி எழுதினார். ஹவாயில் குடியேறி, ஆங்கிலம் பேசுவோர் நடுவே வாழ்ந்து, தொழிலும் நட்பும் ஆங்கிலத்திலேயே நடத்தியவர். மூன்றாண்டுக் கவனிப்பில் அவருடைய பேச்சுத் திறம் நன்றாக வளர்ந்தது. இலக்கணம் ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே நின்றது. கனடாவில் 1965-இல் மான்ட்ரியல் அருகே செயின்ட் லாம்பர்ட்டில் தொடங்கிய பிரெஞ்சு மூழ்கு பள்ளிகளிலும் இதே கதை. பல ஆண்டு பாடங்களைப் பிரெஞ்சில் கேட்ட ஆங்கிலத் தாய்மொழிப் பிள்ளைகள், பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கு ஏறக்குறைய நிகராகப் புரிந்துகொண்டார்கள், பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் போகவில்லை. கேட்பது மட்டும் போதாது, பேச வேண்டிய கட்டாயமும் வேண்டும் என்று ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985-இல் வாதிட்டது இதைப் பார்த்துத்தான்.

ஏன் இப்படி? எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிட்டால் பேச்சு மேலே போய்விடுகிறது. தவறுக்கு எந்த விலையும் இல்லை. நண்பர்கள் நாகரிகம் கருதித் திருத்த மாட்டார்கள். மெல்ல மெல்லத் தவறான வடிவமே உங்கள் வாய்க்கு இயல்பாகி உறைந்துவிடும். பிறகு எடுப்பது கடினம். ஷ்மிட் பின்னாளில் பிரேசிலில் ஐந்து மாதம் போர்ச்சுகீசியம் கற்றபோது தன் நாட்குறிப்பையும் பேச்சுப் பதிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். காதில் விழுந்ததெல்லாம் வாயில் வரவில்லை. 'அட, இப்படிச் சொல்கிறார்களா' என்று கவனித்த வடிவங்களே பிறகு பேச்சில் வந்தன. வகுப்பில் ஒரு விதியைப் படித்துவிட்டுத் தெருவுக்குப் போனால் அது எங்கும் கேட்கும். படிக்காமல் போனால் ஆயிரம் முறை காதைக் கடந்து போனாலும் கேட்காது. அதனால்தான் அங்கே போன பிறகும் வாரத்துக்கு நான்கு மணி நேரமாவது இலக்கண வகுப்பில் இருங்கள் என்கிறேன்.

செய்ய வேண்டியவை: வாரம் ஒருமுறை 150 சொல்லில் எதையாவது எழுதி, காசு கொடுத்தாவது ஓர் ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள். திருத்தத்தைப் பார்த்துவிட்டு மூடிவைக்காமல், மறுநாள் அதையே பார்க்காமல் திரும்ப எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே தலைப்பில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்யுங்கள். 'நான் படிக்கும் பாடம்' என்ற தலைப்பே போதும். பழைய பதிவோடு ஒப்பிட்டால் எது மாறவில்லை என்று காதுக்கே தெரியும். மாறாத தவறுகளில் மூன்றை மட்டும் எடுத்து அந்த இரண்டு வாரத்துக்கு அவற்றையே வேட்டையாடுங்கள். புதுச் சொல் நாளுக்கு ஏழு முதல் பத்துக்கு மேல் வேண்டாம். தனிச் சொல்லாக எழுதாமல், எந்த வாக்கியத்தில் கேட்டீர்களோ அதோடு எழுதுங்கள். ஒரு நாள், மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி கூட்டித் திரும்பப் பாருங்கள்.

கேட்டல் பயிற்சிக்குத் தொலைக்காட்சிச் செய்தியை ஓடவிட்டுப் பாத்திரம் துலக்குவதைப் பலர் மூழ்குதல் என்று நினைக்கிறார்கள். பி1-க்குக் கீழே அதில் பலன் சொற்பம். குழந்தைகள் நிகழ்ச்சி எளிது என்பதும் தவறான நம்பிக்கை. விசித்திரக் குரலும் மரபுத்தொடரும் நிறைந்தது அது. பத்து நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து முதலில் எழுத்தில்லாமல், பிறகு அதே மொழியின் வசன வரியோடு, மறுபடி எழுத்தில்லாமல் என்று மூன்று முறை பார்ப்பது ஒரு மணி நேரப் பின்னணி இரைச்சலைவிட மேல்.

விரிவுரையும் மரியாதையும்

விரிவுரைக்கு முந்தின நாளே படவில்லைகளைப் பார்த்து 15 கலைச்சொற்களைக் குறித்துக்கொண்டு போங்கள். முதல் மூன்று வாரம் எல்லாவற்றையும் எழுத முயலாதீர்கள். 'மாறாக', 'இதிலிருந்து', 'இரண்டாவதாக' போன்ற இணைப்புச் சொற்களை மட்டும் பிடித்தால் உரையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும், சதையை உடன்படிப்பவரின் குறிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கருத்தரங்க வகுப்பில் முதல் 15 நிமிடத்துக்குள் ஒரு வாக்கியமாவது சொல்லிவிடுங்கள். ஒரு கேள்வி போதும். நேரம் ஆக ஆக மற்றவர்கள் வேகமெடுப்பார்கள், நுழைய இடம் கிடைக்காது.

இலக்கணப் பிழையை மன்னிப்பார்கள், மரியாதைப் பிழையை நினைவில் வைத்திருப்பார்கள். நீ, நீங்கள் தெரிந்த நமக்கு ஜெர்மனின் 'டூ', 'ஸீ', பிரெஞ்சின் 'த்யூ', 'வூ' புதிதல்ல. ஆனால் எல்லைக்கோடு வேறு இடத்தில் ஓடும். ஒரு மொழியை நண்பர்களிடம் மட்டுமே கற்றால் நண்பர்களின் பேச்சு மட்டுமே வரும், அதையே பேராசிரியரிடமும் பேசிவிடுவீர்கள். ஜப்பானில் இது பளிச்சென்று உறுத்தும். அங்கே தன்னைக் குறிக்கும் 'நான்' என்ற சொல்லே பேசுபவருக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறும். ஆண் நண்பர்களிடம் மட்டும் கற்ற பெண்ணும், பெண் நண்பர்களிடம் மட்டும் கற்ற ஆணும் தெரியாமலே விநோதமாகப் பேசுவார்கள். வயதிலும் பாலிலும் வேறுபட்ட மூன்று பேரிடமாவது தொடர்ந்து பேசுங்கள்.

மொழிப் பயிற்சி செய்யக் கூடாத இடங்களும் உண்டு. வாடகை ஒப்பந்தம், மருத்துவர், விசா அலுவலகம், காவல் நிலையம். இங்கே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மொழியைப் பேசுங்கள், அல்லது தெரிந்தவரைக் கூட்டிப்போங்கள். மொழிபெயர்ப்புச் செயலியையும் இதற்கே வைத்துக்கொள்ளுங்கள். புரியாததை 'ஆமாம்' என்று கையெழுத்திட்டால் அதற்கான செலவு பயிற்சிக் கட்டணத்தைவிட அதிகம்.

மாதங்கள் எப்படிப் போகும்

முதல் இரண்டு வாரம் உற்சாகம். ஆறு, எட்டு வாரமாகும்போது மாலையில் தலை கனக்கும், யாரையும் பார்க்கவே பிடிக்காது. ஒவ்வொரு சொல்லையும் மூளை வேண்டுமென்றே பிரித்துப் பார்க்கிற வேலை அது, சோம்பல் இல்லை. தினம் ஒரு மணி நேரம் எந்த மொழியும் பேசாத நேரம் வைத்துக்கொண்டால் தணியும். புரிதல் பேச்சுக்கு முன்னால் ஓடும். எல்லாம் புரிகிறது, வாய் வரவில்லை என்ற காலம் எல்லோருக்கும் உண்டு.

நான்காம் மாதம் வாக்கில் ஒரு தேக்கம் வரும். அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய சொற்கள் வந்துவிட்டன, அவற்றையே சுற்றிச் சுற்றிப் பேசுகிறீர்கள், அவ்வளவுதான். மாதத்துக்கு ஒரு புதுத்துறையை எடுங்கள். ஒரு மாதம் உள்ளூர்த் தேர்தல், ஒரு மாதம் கால்பந்து, ஒரு மாதம் வீட்டுவசதிச் சட்டம். அதைப் பற்றிப் படித்து, அதைப் பற்றியே ஆட்களிடம் கேட்டுப் பேசுங்கள். ஒரே ஒரு பருவம் மட்டும் தங்குகிறவர்கள் பேச்சு வேகத்திலும் தயக்கம் குறைவதிலும் முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம். இலக்கணத் துல்லியம் அந்தக் காலத்தில் பெரிதாக நகராது; ஏமாற்றம் வேண்டாம்.

திரும்புவதற்கு ஒரு மாதம் முன்பு, நினைவு சூடாக இருக்கும்போதே தரத் தேர்வு எழுதிவிடுங்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. அதன் சான்றிதழ் உங்கள் பேச்சை அளக்காது என்பது நினைவிருக்கட்டும். வந்த பிறகு முதலில் குறைவது பேச்சு வேகம், அதுவும் சில மாதங்களிலேயே. மொழிப் பரிமாற்றத் துணையோடு வாரத்துக்கு அரை மணி நேர அழைப்பை, கிழமையும் நேரமும் குறித்து, விமானம் ஏறும் முன்பே பேசி வைத்துவிடுங்கள். ஊருக்கு வந்தபின் ஏற்பாடு செய்யலாம் என்று விட்டால் நேர வித்தியாசத்தைச் சாக்கிட்டு இருவருமே தள்ளிப்போடுவீர்கள்.